கையில் சான்றிதழ், மடியில் குழந்தை

திருமண வீடாக இருந்தாலும் சரி, கோயில் திருவிழாவாக இருந்தாலும் சரி, உறவினர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "பல்கலைக்கழகத்துல என்னம்மா படிக்கிறே?" என்பதுதான். "கைரோபிராக்டிக்" என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பிறகு, "டாக்டருக்கா?" என்பார்கள். "இல்லைங்க மாமா, முதுகெலும்பு, மூட்டு, தசை இதுல வர்ற வலியைக் கையாலேயே பார்க்கிற படிப்பு" என்று விளக்குவேன். "ஓ, சுளுக்கு எடுக்கிறதா? எங்க தோட்டத்துல ஒரு தாத்தா காசே வாங்காம எடுப்பாரே, அதுக்கு நாலு வருசமா படிக்கணும்?" என்று மாமா கேட்க, பந்தியில் உள்ள அனைவரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன்.

பேராக்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும், பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகளும் படித்தவள் நான். இப்பொழுது கைரோபிராக்டிக் இளங்கலைப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். "உன் துறையைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுது" என்று கழகச் செயலவையினர் கேட்டபோது, பட்டம் பெற்ற பிறகு நான் எடுக்க விரும்பிய உயர்நிலைச் சான்றிதழைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். குடும்பம், குழந்தை நலக் கைரோபிராக்டிக்கில் பெறும் சான்றிதழ் அது. கடந்த ஆண்டு விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. ஆகவே, சான்றிதழை எப்படிப் பெறுவது என்பதோடு, அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றல்ல என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டில் நடந்தது

என் அக்காளுக்கு முதல் குழந்தை. பிறந்து ஐந்து வாரம். மாலை ஆறு மணி ஆனால் அழத் தொடங்கிவிடுவான். காலை மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க, இரவு பத்து மணி வரை அழுவான். பாட்டி பார்த்துவிட்டு, "உரம் விழுந்திருக்கு, சேலையில போட்டு உருட்டினா சரியாயிடும்" என்றார். அம்மா ஓமத்தண்ணீர் என்றார். பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி வயிற்றில் தேய்க்க எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்காள் என்னிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். பட்டணத்தில் உள்ள ஒரு நிலையம். அங்கு இருப்பவர் குழந்தை நலக் கைரோபிராக்டிக்கில் உயர்நிலைச் சான்றிதழ் பெற்றவர் என்றும், வயிற்று வலியால் அழும் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு முறை வந்தால் நிவாரணம் என்றும் அதில் போட்டிருந்தது. கட்டணம் 1,500 ரிங்கிட்.

"நீதான் இதைப் படிக்கிறே. நீயே சொல்லு, போகலாமா?" என்று கேட்டாள்.

பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளைப் பார்த்தேன். நான் எடுக்க ஆசைப்பட்ட அதே சான்றிதழ். பெருமையாகக்கூட இருந்தது. "இந்தச் சான்றிதழ் சும்மா கிடைக்காதுக்கா, நம்பிப் போகலாம்" என்றேன். சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினோம்.

அதற்கு முன்பு, வியாழக்கிழமை, எடை பார்ப்பதற்காக அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்கிற்குப் போனோம். தாதி குழந்தையைத் தராசில் வைத்தார். அட்டையைப் பார்த்தார். மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். ஏறவேண்டிய எடை ஏறவில்லை. பிறகு காய்ச்சல் பார்த்தார், 38.2 டிகிரி. எங்களுக்கு அதுவரை தெரியாது. குழந்தையின் உடம்பு கொஞ்சம் சூடாக இருப்பதைக் கோடை வெயில் என்று நினைத்திருந்தோம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று. ஒரு வாரம் ஊசி மருந்து ஏற்றினார்கள்.

குழந்தை நலமாக வீடு திரும்பினான். காய்ச்சல் போயிற்று, எடை ஏறியது. ஆனால் மாலை நேர அழுகை உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்லக் குறைந்து, மூன்று மாதம் ஆனபோது தானாகவே நின்றுவிட்டது. அதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

கல்லூரி திறந்ததும் இதை என் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் நீளமாக எதுவும் பேசவில்லை. "நீ தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. மூன்று ஆண்டுகள் உடற்கூறு படித்த நான், பிரசுரத்தில் இருந்த எழுத்துகளைப் படித்தேனே தவிர, குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய தேடல்தான் இக்கட்டுரை.

கைரோபிராக்டிக் பிறந்த விதம்

கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்னும் பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது கைரோபிராக்டிக். கனடாவில் 1845இல் பிறந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டாவன்போர்ட் நகரில், 1895 செப்டம்பர் 18ஆம் நாள், ஹார்வி லில்லர்ட் என்னும் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அதனால் அவருக்குக் காது கேட்டதாகவும் கூறினார். இத்துறையினர் அந்நாளையே தங்கள் துறையின் பிறந்தநாளாகக் கருதுகின்றனர். 1897இல் பால்மர் ஒரு பள்ளியையும் தொடங்கினார்.

முதுகெலும்பு இடம் பிசகுவதால் நரம்பு பாதிக்கப்படுகிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு அதுவே காரணம் என்பது பால்மரின் கொள்கை. அந்தப் பிசகுக்கு அவர்கள் வைத்த பெயர் சப்லக்சேஷன். பாட்டி சொன்ன 'உரம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு நான் வியந்தேன். இரண்டுமே, அழும் குழந்தையின் உடம்பில் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது, தெரிந்த கை அதைத் திருப்பி வைத்தால் அழுகை நிற்கும் என்கின்றன. ஒன்றை நாம் பாமர வழக்கம் என்கிறோம். மற்றொன்று ஆங்கிலத்தில் இருப்பதால் அறிவியல் என்று நம்பிவிடுகிறோம். பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் பொது மன்றமே 2010ஆம் ஆண்டில், சப்லக்சேஷன் நோய்களுக்குக் காரணம் என்று கூற ஆய்வுச் சான்று இல்லை, அது ஒரு வரலாற்றுக் கருத்து மட்டுமே என்று அறிவித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எந்தத் துறையும் தன் தாத்தாவின் கொள்கைகளைச் சோதித்துப் பார்த்துத்தான் வளரவேண்டும்.

அதேவேளையில், பெரியவர்களின் முதுகுவலிக்கு இத்துறை உதவுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்புவலிக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்கக்கூடிய முறைகளில் ஒன்றாக முதுகெலும்புச் சீரமைப்பையும் சேர்த்துள்ளது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டியும், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் அதனை ஏற்றுக்கொள்கிறது.

படிப்பும் உயர்நிலைச் சான்றிதழும்

உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் கைரோபிராக்டிக் கல்விக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. முழுநேரப் படிப்பென்றால் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 4,200 மணி நேரப் பாடம் இருக்கவேண்டும், அவற்றுள் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையின்கீழ் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியாக இருக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரை. நம் நாட்டில் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் 2010இல் இப்படிப்பைத் தொடங்கியது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல் பட்டப்படிப்பு. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைமை மருத்துவச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட ஏழு துறைகளில் கைரோபிராக்டிக்கும் ஒன்று. மலாய், சீன, இந்திய மரபு மருத்துவங்களும் அதே பட்டியலில் உள்ளன.

பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் உயர்நிலைச் சான்றிதழ் வருகிறது. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, தொழில்முறைச் சங்கங்கள் வழங்குபவை. லாரி வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கக் கைரோபிராக்டர் 1986இல் தோற்றுவித்த அனைத்துலகக் கைரோபிராக்டிக் குழந்தைநலச் சங்கம் இவற்றுள் பெயர்பெற்றது. அதன் சான்றிதழுக்குச் சுமார் 200 மணி நேரப் பாடம். பெரும்பாலும் வார இறுதி வகுப்புகள். அதற்கு மேல் 'டிப்ளமேட்' என்னும் நிலைக்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரம். அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய மற்றொரு சங்கத்தின் குழந்தைநலப் பிரிவும் மூன்று ஆண்டு வார இறுதிப் படிப்பாக டிப்ளமேட் தகுதியை வழங்கிவந்துள்ளது. இரண்டாம் வகை, பல்கலைக்கழகங்கள் முதுகலை நிலையில் நடத்துபவை. இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் 1965இல் தொடங்கப்பட்ட கைரோபிராக்டிக் கல்லூரி அத்தகைய படிப்பை நடத்தியுள்ளது.

இவற்றில் என்ன கற்றுத் தருகிறார்கள்? கரு உருவாவது முதல் குழந்தை நடப்பது வரையிலான வளர்ச்சிப் படிகள், பிறந்த குழந்தையிடம் இருக்கவேண்டிய அனிச்சைச் செயல்கள், பிள்ளைத்தாய்ச்சிகளின் இடுப்பு, முதுகுவலி, குழந்தையின் உடம்பைத் தொடும் விதம் முதலியவை பாடத்தில் உள்ளன. பெரியவர்களுக்குச் செய்வதுபோல் 'படக்' என்று ஒலி வரத் திருப்புவதில்லை. விரல் நுனியால் மெல்ல அழுத்துவதே பெரும்பாலும் கற்பிக்கப்படும் முறை. எந்தக் குழந்தையைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதும் நல்ல பாடத்திட்டத்தில் முக்கியப் பகுதியாக இருக்கும். ஆகவே, இச்சான்றிதழ் வெறும் காகிதம் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைகளைத் தொட நினைப்பவர் படிக்காமல் தொடுவதைவிடப் படித்துத் தொடுவது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வகுப்பு என்றால் 200 மணி நேரம் என்பது 25 நாள். நம் நாட்டில் குழந்தைநல மருத்துவர் ஆவதற்கு ஐந்து ஆண்டு மருத்துவப் பட்டம், இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவர் பணி, அதன் பிறகு நான்கு ஆண்டு முதுகலைப் படிப்பு என்று ஒருவர் பதினோர் ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைக்கவேண்டும். பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகளை வரிசையாகப் போட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில் மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் இருப்பதுபோல் கைரோபிராக்டிக்கில் 'நிபுணர்' என்ற பதிவே கிடையாது. சான்றிதழ் எத்தனை பெற்றாலும் சட்டத்தின் பார்வையில் அவர் கைரோபிராக்டரே. என் அக்காளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

சான்றிதழ் ஒருவர் படித்ததற்குச் சான்று. அவர் செய்யும் சிகிச்சை பலன் தருகிறதா என்பதற்கு வேறு சான்று வேண்டும். இந்த இரண்டையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் என் தவறு.

வேறு நோய் ஏதும் இல்லாமல், நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை, நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதனைக் 'கோலிக்' என்று வரையறுத்தார் வெஸ்ஸல் என்னும் மருத்துவர். ஆண்டு 1954. இந்த வரையறையின் முதல் இரண்டு சொற்றொடர்களை நாம் கவனிக்கவேண்டும். வேறு நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே அப்பெயரைச் சொல்லலாம். எங்கள் வீட்டில் நாங்கள் பெயரை முதலில் வைத்துவிட்டோம். தமிழ்ப்பள்ளியில் நான் படித்த திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் தெளிந்த பிறகே தீர்க்கும் வழிக்குப் போகச் சொல்கிறது. மனனம் செய்து பரிசு வாங்கியவள் நான். தேவைப்பட்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

குழந்தையின் அழுகை பிறந்து ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். பிறகு தணிந்து, மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். பெற்றோர் எப்பொழுது உதவி தேடிப் போவார்கள்? உச்சத்தில் இருக்கும்போது. அதன் பிறகு யார் எதைச் செய்தாலும் அழுகை குறையத்தான் போகிறது. ஓமத்தண்ணீர் கொடுத்த வீட்டில் ஓமத்துக்குப் பெயர். உரம் எடுத்த வீட்டில் பாட்டிக்குப் பெயர். பன்னிரண்டு முறை நிலையத்துக்குப் போன வீட்டில் சான்றிதழுக்குப் பெயர்.

இதைச் சோதிப்பதற்காக நார்வே நாட்டில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. அழும் குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் குழந்தைகளுக்குக் கைரோபிராக்டர் விரல் நுனியால் முதுகெலும்பில் மெல்ல அழுத்திச் சிகிச்சை செய்தார். மற்றக் குழுவின் குழந்தைகளை ஒரு தாதி பத்து நிமிடம் வெறுமனே வைத்திருந்தார். எந்தக் குழந்தை எந்தக் குழு என்பது பெற்றோருக்குத் தெரியாது. சிகிச்சை பெற்ற 46 குழந்தைகளில் 32 பேர் ஓரளவேனும் தேறினர். வெறுமனே வைத்திருந்த 40 குழந்தைகளில் 24 பேர் தேறினர். ஒன்று பத்துக்கு ஏழு, மற்றது பத்துக்கு ஆறு. இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதால், சிகிச்சைக்குத் தனிப்பலன் இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். கைரோபிராக்டிக் மாணவியாகிய நான் இந்த எண்களை மூன்று முறை படித்தேன். தாதியின் கையில் பத்து நிமிடம் இருந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் தேறியிருக்கிறார்கள்!

2012இல் காக்ரேன் அமைப்பு, கோலிக்கிற்குக் கையால் செய்யும் சிகிச்சைகள் குறித்த ஆறு ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகளின் விவரங்களை, ஒன்றுதிரட்டிப் பார்த்தது. பெற்றோர் அழுகை குறைந்ததாகச் சொன்னாலும், ஆய்வுகள் சிறியவை, பலவற்றில் சிகிச்சை நடந்தது பெற்றோருக்கே தெரிந்திருந்தது, ஆகவே உறுதியாகச் சொல்வதற்கில்லை என்பதே அதன் முடிவு. ஆஸ்துமா விஷயத்தில் 1998இல் வெளியான கனடா ஆய்வு இன்னும் தெளிவானது. 91 பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு உண்மையான சீரமைப்பும் மறுபாதிக்குப் பாவனைச் சீரமைப்பும் செய்தனர். இரு பாதியினருமே முன்பைவிட நலமாக இருப்பதாகக் கூறினர். இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

பிரிட்டனில் இந்தச் சர்ச்சை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோலிக், ஆஸ்துமா, காதுத் தொற்று முதலியவற்றுக்குக் கைரோபிராக்டிக் உதவும் என்ற கூற்றுகளுக்குச் சான்று இல்லை என்று எழுதிய சைமன் சிங் என்னும் அறிவியல் எழுத்தாளர்மீது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் 2008இல் அவதூறு வழக்குத் தொடுத்தது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, சங்கம் வழக்கைக் கைவிட்டது. ஆய்வால் பதில் சொல்லவேண்டிய கேள்விக்கு வழக்கால் பதில் சொல்ல முயன்றதால் துறைக்கே தலைக்குனிவு ஏற்பட்டது என்பது என் தாழ்மையான கருத்து.

ஆபத்து எங்கே இருக்கிறது?

"சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே?" என்று சிலர் கேட்கலாம். 2007இல் கனடா ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சீரமைப்பு செய்ததால் ஏற்பட்ட பாதிப்புகளைத் தேடித் தொகுத்தனர். நேரடிப் பாதிப்பு என்று 14 சம்பவங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்பது கடுமையானவை. உலகம் முழுவதும் தேடிக் கிடைத்தவை என்பதால் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அதே கட்டுரையில் வேறு 20 சம்பவங்களும் உள்ளன. சிகிச்சைக்குச் சென்றதால் உண்மையான நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானவையும், பொருந்தாத சிகிச்சை பெற்றவையும் அவை. நீரிழிவும் புற்றுநோயும்கூட அவ்வாறு தாமதமாகியிருக்கின்றன.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு வியாழக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. கிளினிக் தேதி சனிக்கிழமைக்குப் பிறகு வந்திருந்தால்? சான்றிதழ் பெற்ற அந்தக் கைரோபிராக்டரே காய்ச்சலைக் கண்டு எங்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கலாம். நல்ல பயிற்சி பெற்றவர் அதைத்தான் செய்வார். ஆனால் அவர் அப்படிச் செய்வாரா என்பதை அந்தப் பிரசுரத்திலிருந்து நான் தெரிந்துகொள்ள வழி இல்லை. அவரிடம் நான் கேட்கவும் இல்லை.

ஆஸ்திரேலியாவில், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குச் சிகிச்சை செய்யும் காணொளி ஒன்று பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதைத் தொடர்ந்து, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முதுகெலும்புச் சீரமைப்பு செய்வதை 2019 மார்ச்சில் கைரோபிராக்டிக் வாரியம் தற்காலிகமாக நிறுத்தியது. விக்டோரியா மாநில அரசு நியமித்த குழு ஆராய்ந்தது. கடும் பாதிப்புக்கான சான்று அங்கு அதிகம் கிடைக்கவில்லை. பலனுக்கான சான்றும் மிக வலுவற்றதாகவே இருந்தது. 2023 நவம்பரில் வாரியம் தடையைத் தளர்த்தியது. சுகாதார அமைச்சர்கள் ஆட்சேபிக்க, 2024 ஜூனில் தடை திரும்பவும் வந்தது. உயர்நிலைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

இக்கட்டுரையை வாசிக்கும் நீங்கள் மருத்துவம் படிக்காதவராக இருக்கலாம். ஆயினும் உங்கள் வீட்டில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவர் நீங்கள்தான் என்றால், அக்காளும் அத்தையும் துண்டுப் பிரசுரத்தோடு உங்களிடம்தான் வருவார்கள். அப்பொழுது கேட்பதற்கு ஐந்து கேள்விகளைத் தருகிறேன். கைரோபிராக்டருக்கு மட்டுமல்ல, பெயருக்குப் பின்னால் எழுத்துகள் உள்ள யாருக்கும் இவை பொருந்தும்.

ஒன்று, இவர் நம் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா? உயர்நிலைச் சான்றிதழ் அடிப்படைப் பதிவுக்கு ஈடாகாது.

இரண்டு, சான்றிதழை வழங்கியது யார்? பல்கலைக்கழகமா, சங்கமா? எத்தனை மணி நேரம்? தேர்வு உண்டா? மேற்பார்வையில் குழந்தைகளைப் பார்த்த அனுபவம் உண்டா?

மூன்று, என் குழந்தைக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? வேறு எந்த நோய் இல்லை என்று பார்த்தீர்கள்?

நான்கு, எந்த அறிகுறியைக் கண்டால் மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரிக் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிற வாந்தி, துவண்டு கிடத்தல், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் எந்த நிலையத்துக்கும் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஐந்து, பலன் இல்லையென்றால் எப்பொழுது நிறுத்துவீர்கள்? பன்னிரண்டு முறைக்கும் முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னால் இக்கேள்விக்குப் பதில் இல்லை என்றே பொருள்.

என் முடிவு

"அப்படியானால் நீ அந்தச் சான்றிதழை எடுக்கப் போவதில்லையா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். எடுக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் உடனே அல்ல. என் அப்பா லாரி ஓட்டுநர். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கிறேன். பட்டம் பெற்றவுடன் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டால் வாடிக்கையாளர்கள் அதிகம் வருவார்கள், கடனும் சீக்கிரம் அடையும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தாலும், முதலில் பெரியவர்களின் முதுகுவலியில் சில ஆண்டுகள் அனுபவம் பெறவேண்டும். பிறகு, தேர்வும் மேற்பார்வைப் பயிற்சியும் உள்ள, குழந்தைநல மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்யக் கற்றுத்தரும் படிப்பாகத் தேர்ந்தெடுப்பேன். அதன் பிறகும் கோலிக்கைக் குணமாக்குவேன் என்று எந்தப் பிரசுரத்திலும் போடமாட்டேன். இதை அச்சில் எழுதி வைக்கிறேன். நாளை நான் மறந்தால், இந்த இதழை வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது எனக்கு நினைவூட்டுங்கள்.

மருத்துவம், மருந்தியல், தாதிமை படித்து முடித்த நம் கழகத்தின் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக்கு வந்த பிரசுரம் பளபளப்பான தாளில் இருந்தது. அதிலிருந்த கூற்றுகளைச் சோதித்துப் பார்க்க உதவும் எளிய தமிழ்க் கட்டுரை ஒன்றும் அக்காளின் கையில் இல்லை. தங்கையின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. உங்கள் துறையைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். இந்த இதழ் அதற்கு இடம் கொடுக்கும்.

அக்காள் மகன் இப்பொழுது தவழ்கிறான். பாட்டி இன்னமும் "அன்னிக்கே உரம் எடுத்திருந்தா..." என்று தொடங்குவார். அக்காள் பதில் பேசாமல், அலமாரியில் இருக்கும் தெர்மோமீட்டரைக் காட்டுவாள். அதை 25 ரிங்கிட்டுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான்.